கிளிப்பைக் குறை சொல்லும் முன் உடுப்புக் கொடியைப் பாருங்கள்

வட இலங்கையின் வன்னியில், மாங்குளம் சந்தியிலிருந்து முல்லைத்தீவுப் பக்கம் திரும்பும் வீதியில் எனக்கு ஒரு கடை இருக்கிறது. ஆணி, கயிறு, வாளி, மண்வெட்டிப் பிடி, உடுப்புக் கிளிப் எல்லாம் வாசலிலேயே தொங்கும். மண்வெட்டிப் பிடியைத் திருப்பிக் கொண்டுவருபவர் ஆண்டுக்கு ஒருவர் இருப்பார். கிளிப்பைக் கொண்டுவருபவர்களுக்குக் கணக்கில்லை. "அண்ணை, போன மாதம்தான் உங்களிடம் வாங்கினேன், இதைப் பாருங்கள்" என்று ஒரு பிடி துண்டுகளை மேசையில் கொட்டுவார்கள்.

மலிவுக் கிளிப் மலிவுக் கிளிப்தான், அதை நான் மறைக்கவில்லை. ஆனாலும் துண்டுகளைப் பார்த்த பிறகு நான் கேட்கும் முதல் கேள்வி கிளிப்பைப் பற்றியதாக இருக்காது. எந்தக் கயிற்றில் போட்டீர்கள், கயிற்றை எதிலிருந்து எதற்குக் கட்டினீர்கள், காய்ந்த பிறகு கிளிப்பை என்ன செய்தீர்கள் என்றுதான் கேட்பேன். இந்த மூன்றுக்கும் பதில் வந்தால் பாதி நோய் தெரிந்துவிடும். இதை எழுதுவதால் எனக்குக் கிளிப் வியாபாரம் குறையும். குறையட்டும், திருப்பிக் கொண்டுவருபவர்களின் தொல்லையும் சேர்ந்து குறையும்.

உங்கள் வீட்டில் தெரியும் குறி எதுவோ அதற்கு நேராகப் போகலாம். தொய்வு பற்றிய பகுதியை மட்டும் எல்லோரும் வாசியுங்கள்.

குறி: கிளிப்பை அழுத்தியவுடன் வால் முறிந்து கையோடு வருகிறது

முறிந்த இடத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். சுண்ணாம்பு போல வெள்ளைத் தூள் வந்தால் அது வெயில் தின்ற கிளிப். மலிவுக் கிளிப்புகள் பெரும்பாலும் பொலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்யப்படுகின்றன. சூரிய ஒளியில் இருக்கும் புற ஊதாக் கதிர், காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து அந்தப் பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளை வெட்டிக்கொண்டே போகும். வெளியே பார்க்க நிறம் மங்கியது போல மட்டும் தெரியும். உள்ளே வளையும் தன்மை போய்விட்டிருக்கும். பிறகு ஒரு நாள் அழுத்துவீர்கள், பிஸ்கற் போல நொறுங்கும்.

வன்னியின் வெயிலைப் பற்றி வன்னியில் இருப்பவருக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஒன்று: எங்கள் தலைக்கு நேர் மேலே சூரியன் ஆண்டில் இரண்டு முறை வருகிறது. ஒன்று சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, மற்றது ஓகஸ்ட் மாதக் கடைசியில். இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களிலும் அது அதிகம் விலகிப் போவதில்லை. அந்த மாதங்கள்தான் இங்கே மழை குறைந்த மாதங்களும். சித்திரையில் வாங்கிய கிளிப்பைக் கொடியிலேயே விட்டுவைத்தவர் ஆவணியில் என் கடைக்கு வருவதில் வியப்பில்லை.

செய்ய வேண்டியது மிகச் சிறியது. உடுப்பை எடுக்கும்போது கிளிப்பையும் எடுங்கள். உடுப்பு காய அரை நாள் போதும். கிளிப் கொடியில் நிற்பதோ நாள் முழுக்க, ஆண்டு முழுக்க. பழைய தலையணை உறை ஒன்றுக்குக் கைப்பிடி தைத்து, அதில் போட்டுக் கிணற்றடிக் கூரைக்குள் மாட்டிவிடலாம். அடியில் நாலைந்து ஓட்டை போட்டால் தண்ணீர் தங்காது. இதைச் சொன்னால் "அதற்கு யாருக்கு நேரம்" என்கிறார்கள். கிளிப் வாங்க மாங்குளம் வரைக்கும் வர நேரம் இருக்கிறது.

நிறத்தைப் பார்த்து வாங்குவதானால் கறுப்பு எடுங்கள். பிளாஸ்டிக்கில் கலக்கும் கார்பன் கரி அந்தக் கதிரை உள்ளே போகவிடாமல் தடுக்கும். தண்ணீர்த் தாங்கிகளும் வெளியே போடும் குழாய்களும் கறுப்பாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பிள்ளைகள் விரும்பும் மஞ்சளும் இளஞ்சிவப்பும் முதலில் சாகும். ஒளி ஊடுருவும் கண்ணாடி நிறக் கிளிப் சிலவேளை வேறு பிளாஸ்டிக்காக இருக்கும், நல்ல உறுதியோடும் இருக்கும். ஆனால் கண்ணாடி நிறமானது எல்லாம் உறுதியானது அல்ல. வாங்கும் முன் வாலைச் சற்று வளைத்துப் பாருங்கள். கடைக்காரர் முகம் கோணினால் அந்தக் கடையில் வாங்காதீர்கள்.

தூள் வராமல், முறிவு பளபளவென்று புதிதாக இருந்தால் அது வெயிலின் வேலை அல்ல. யாரோ அளவுக்கு மீறி விரித்திருக்கிறார்கள். அடுத்ததைப் பாருங்கள்.

குறி: ஸ்பிரிங் துள்ளிப் போகிறது, இரண்டு பாதியும் தனித்தனியாக விழுகின்றன

இது பெரும்பாலும் கயிற்றின் பிழை. மாடு கட்டவும் கிணற்றில் வாளி இறக்கவும் வைத்திருக்கும் தடித்த கயிற்றையே கொடியாகவும் கட்டிவிடுகிறோம். கிளிப்பின் வாயில் வட்டமாக ஒரு பள்ளம் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதுதான் கயிறு உட்காரும் இடம். சாதாரணக் கிளிப்புக்கு 4 அல்லது 5 மில்லிமீற்றர் கயிறு பொருந்தும். 10 மில்லிமீற்றர் கயிற்றில் போட்டு, அதன் மேல் ஜீன்ஸின் இடுப்புப் பட்டியையும் மடித்துக் கொடுத்தால் வாய் கிழிய விரியும். ஸ்பிரிங்கின் கைகள் தமக்குரிய பள்ளத்தை விட்டு வழுக்கும். மறுநாள் மெல்லிய சேர்ட்டுக்குப் போட்டாலும் அது இறுகாது, ஏனென்றால் கம்பி ஒரு முறை நிரந்தரமாக வளைந்துவிட்டது.

கழன்றதைத் தூக்கி எறியாதீர்கள். மரக் கிளிப்பைப் பூட்டுவது இப்படி: இரண்டு பாதிகளையும் வட்டப் பள்ளங்கள் உள்ள பக்கம் ஒன்றையொன்று பார்க்கும்படி பிடியுங்கள். முதலில் ஒரு பாதியை மட்டும் எடுத்து, ஸ்பிரிங்கின் சுருள் நடுப்பள்ளத்தில் உட்காரவும், ஒரு கை வெளிப்பக்கக் கோட்டில் விழவும் வையுங்கள். பிறகு ஸ்பிரிங்கின் மற்றக் கையை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டாவது பாதியை வால் பக்கமிருந்து வாய்ப்பக்கமாகத் தள்ளிச் செருகுங்கள். 'டிக்' என்று சத்தம் கேட்டால் பூட்டிவிட்டது. இரண்டு முறை பழகினால் கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம். முகத்துக்கு நேரே வைத்துச் செய்யாதீர்கள், அந்தக் கம்பிக்குக் கண் எது மூக்கு எது என்று தெரியாது.

இவ்வளவு சின்னப் பொருளுக்குள் எவ்வளவு யோசனை இருக்கிறது என்று பூட்டும்போதுதான் தெரியும். ஸ்பிரிங் வைத்த இரு பாதிக் கிளிப்புக்கு 1853இல் அமெரிக்காவின் வெர்மொன்ட் மாநிலத்தைச் சேர்ந்த டேவிட் ஸ்மித் காப்புரிமை பெற்றார். 1887இல் அதே மாநிலத்தின் சோலன் மூர் ஒரே கம்பியைச் சுருட்டி, அச்சாணியும் ஸ்பிரிங்கும் அதுவேயாக இருக்கும்படி செய்தார். இன்று உங்கள் கொடியில் இருப்பது அதுதான். அந்த ஒரு துண்டுக் கம்பி போனால் மற்ற இரண்டும் வெறும் குச்சி.

சுருள் நடுவில் அகன்று இளகியிருந்தால் குறட்டால் இறுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். நானும் செய்து பார்த்தேன். நாலு நாள் நிற்கும். மெல்லிய துணிகளுக்கு ஒதுக்கிவிடுங்கள், அல்லது சீனிப் பொட்டலத்துக்கும் மிளகாய்த்தூள் பைக்கும் போடுங்கள்.

குறி: வெள்ளைச் சீருடையில் செம்மஞ்சள் கறை

ஞாயிறு மாலையில் இதைக் கண்டுபிடித்த தாயின் முகத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இதில் அவசரப்பட்டால் கறை நிரந்தரமாகும். ஆகவே முதலில் கறையின் வடிவத்தைப் பாருங்கள், அது எங்கிருந்து வந்தது என்று அதுவே சொல்லும்.

விளிம்பில் அல்லது தோளில் சின்னதாக ஒரு புள்ளி, துணியைத் திருப்பினால் அதே இடத்தில் மறுபக்கமும் ஒன்று: கிளிப்பின் துரு. குறுக்கே நீளமாக ஒரு கோடு: கொடிக் கம்பியின் துரு. கட்டடக்காரர் விட்டுப்போன கறுப்புக் கட்டுக்கம்பியைக் கொடியாகக் கட்டியவர்களுக்கு இது நிச்சயம் வரும், அந்தக் கம்பிக்குத் துத்தநாகப் பூச்சே கிடையாது. பிளாஸ்டிக் உறை போட்ட கம்பியிலும் வரும். வெயிலில் உறை வெடித்து, வெடிப்பால் தண்ணீர் இறங்கி, உள்ளே யாருக்கும் தெரியாமல் துருப்பிடித்திருக்கும். உடுப்பு முழுவதும் பொதுவாகப் பழுப்பேறியிருந்தால் கிளிப்பையும் கம்பியையும் விட்டுவிடுங்கள், அது தண்ணீர். குழாய்க்கிணற்று நீரை ஒரு வெள்ளை வாளியில் பிடித்து இரவு முழுக்க வையுங்கள். பிடிக்கும்போது தெளிவாக இருந்த நீர் காலையில் செம்மஞ்சளாக மங்கி, அடியில் மண்டி படிந்திருந்தால் அதில் இரும்பு கரைந்திருக்கிறது. காற்றுப் பட்டதும் அது துருவாக மாறுகிறது. அப்படிப்பட்ட நீரை முதல் நாளே பிடித்து மண்டி அடங்கவிட்டு, மேல்நீரை மட்டும் மொண்டு வெள்ளைத் துணிக்குப் பயன்படுத்துங்கள்.

நாலாவதாக ஒன்று உண்டு. உலர்ந்த துணியை உதறினால் போய்விடும் செம்மை கிரவல் தூசி. அதற்கு மருந்து கொடியை வீதிப்பக்கமிருந்து வீட்டின் பின்பக்கத்துக்கு மாற்றுவதுதான். ஈரத் துணியில் படிந்த கிரவலை மட்டும் தேய்க்காதீர்கள், காயவிட்டு உதறுங்கள்.

துருக்கறைக்கு: தேசிக்காயை வெட்டி, கறை நனையும்படி பிழிந்து, அதன் மேல் உப்பைத் தூவி வெயிலில் வையுங்கள். காய்ந்தால் இன்னும் கொஞ்சம் பிழியுங்கள். தேசிக்காயின் சிற்றிக் அமிலம் துருவைக் கரைத்து நீரில் போகக்கூடியதாக மாற்றும். ஒரு மணி நேரம் கழித்து நன்றாக அலசுங்கள். பழைய கறை என்றால் இரண்டு மூன்று முறை செய்ய வேண்டிவரும். வெள்ளைக்கு இது பாதுகாப்பு. நிறத் துணியில் செய்வதானால் உள்மடிப்பில் ஒரு துளி விட்டுப் பாருங்கள், சாயம் வெளுக்கக்கூடும்.

செய்யவே கூடாதது, குளோரின் பிளீச் ஊற்றுவது. வெள்ளைத் துணி என்றதும் கை அந்தப் போத்தலுக்குத்தான் போகும். பிளீச் இரும்பைக் கரைக்காது, மேலும் துருப்பிடிக்க வைத்து நூலுக்குள் ஊன்றிவிடும். அதன் பிறகு தேசிக்காய்த் தோட்டமே வைத்திருந்தாலும் கறை போகாது. தேசிக்காய்ப் புளியையும் பிளீச்சையும் ஒரே வாளியில் கலப்பது அதைவிட மோசம், மூச்சை அடைக்கும் நச்சு வாயு வரும்.

கறை போன பிறகு கிளிப்பைச் சோதியுங்கள். ஒரு கோப்பை நீரில் இரண்டு கரண்டி உப்பைக் கரைத்து, கிளிப்பை இரவில் ஊறவிட்டு, பகலில் வெளியே எடுத்து உலர விடுங்கள். மூன்று நாள் இப்படிச் செய்தால் எந்த ஸ்பிரிங் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். காந்தத்தில் ஒட்டினால் துருப்பிடிக்கும் என்ற சோதனையை நம்பாதீர்கள். துருப்பிடிக்காத உருக்கும் கம்பியாக இழுத்துச் சுருட்டிய பிறகு சற்றுக் காந்தத்தில் ஒட்டும். முல்லைத்தீவு, அளம்பில், கொக்கிளாய், பூநகரி என்று கடலை ஒட்டியிருப்பவர்களுக்கு உப்புக் காற்றே இந்தச் சோதனையைச் செய்துகொடுத்துவிடும். அங்கே ஸ்பிரிங்கே இல்லாத, ஒரே துண்டாக வார்த்த பிளாஸ்டிக் கவ்வியோ பிளந்த மூங்கில் கவ்வியோ போதும். மூங்கிலை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, கணுவுக்குக் கீழே நடுவால் பிளந்தால் கணு தாங்கிக்கொள்ளும், பிளவு கவ்வும். காசும் இல்லை, துருவும் இல்லை.

குறி: காற்றில் உடுப்பு பறந்து வேலிக்கு அப்பால் கிடக்கிறது

சோளகக் காற்று எழுந்துவிட்டால் வன்னியின் வெட்டவெளியில் தடுக்க ஒன்றுமில்லை. பரந்தன் பக்கமும் பூநகரிப் பக்கமும் வயலும் உவர்நிலமுமாகக் கிடப்பதால் காற்று நேராக வந்து கொடியில் மோதும். இன்னும் இறுக்கமான கிளிப் வேண்டும் என்று கேட்டு வருவார்கள். இறுக்கமான கிளிப் போட்டால் உடுப்பு நிற்கும், கொடி அறும். அதையும் பார்த்தாயிற்று.

சேர்ட்டைத் தோளில் பிடித்தால் அது கப்பல் பாய். தலைகீழாக, கீழ் விளிம்பில் பிடித்து, பொத்தான்களில் ஒன்றிரண்டைப் பூட்டிவிடுங்கள். சாரத்தைக் கொடியில் பாதிக்கு மடித்துப் போட்டு, மடிப்பின் இரு ஓரத்திலும் பிடியுங்கள், குழாய் போல விரித்துத் தொங்கவிட்டால் காற்றை விழுங்கும். சீலையை நாலாக மடித்து இரண்டு கொடிகளுக்குக் குறுக்கே போடுவது நல்லது. கிளிப்பை மிச்சம் பிடிக்க, அடுத்தடுத்த இரண்டு உடுப்புகளின் ஓரத்துக்கும் சேர்த்து ஒரே கிளிப்பைப் போடுவோம் அல்லவா? சோளகக் காலத்தில் மட்டும் அதை விட்டுவிடுங்கள். ஒன்று பிடுங்கினால் பக்கத்தில் இருப்பதையும் இழுத்துக்கொண்டு போகும்.

கொடியின் திசையும் முக்கியம். சோளகம் தென்மேற்கிலிருந்து வருகிறது. கொடி அதற்குக் குறுக்கே இருந்தால் ஒவ்வொரு உடுப்பும் முழு மார்பையும் காட்டி நிற்கும், சீக்கிரம் காயும், சீக்கிரம் பறக்கும். அதே திசையில் இருந்தால் பறக்காது, ஆனால் எல்லாம் ஒரு மூலைக்கு ஒதுங்கி ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிக்கொள்ளும். வளவில் இடமிருந்தால் சற்றுச் சாய்வாகக் கட்டுங்கள். இடமில்லாதவர்கள் இருக்கும் கொடியோடு சமாளிக்க வேண்டியதுதான்.

கிளிப்பே வேண்டாம் என்றால் இரண்டு மெல்லிய கயிறுகளை ஒன்றாக முறுக்கிக் கட்டுங்கள். முறுக்குகளுக்கு நடுவே துணியின் மூலையைச் செருகினால் காற்று இழுக்க இழுக்க இன்னும் இறுகும். 2009இல் செட்டிகுளத்து இடம்பெயர்ந்தோர் முகாமில் கூடாரத் தறப்பாளை இழுத்துக் கட்டிய கயிறுதான் எங்களுக்குக் கொடியாக இருந்தது. அங்கேதான் இதைக் கற்றேன். முள்ளுக்கம்பிக்கும் கிளிப் தேவையில்லை. ஆனால் எடுக்கும்போது உடுப்போடு ஒரு கிழிசலும் சேர்ந்து வரும்.

குறி: கொடி தொய்கிறது, எல்லா உடுப்பும் நடுவுக்கு வழுக்கி வருகின்றன

தொய்ந்தால் இழுத்துக் கட்டுவோம். மறுவாரம் மறுபடி தொய்யும், இன்னும் இழுப்போம். ஒரு நாள் தூண் சாயும், அல்லது ஆணி பிடுங்கிக்கொண்டு வரும். இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, பொறுமையாக வாசியுங்கள்.

8 மீற்றர் நீளக் கொடியின் நடுவில் 10 கிலோ ஈர உடுப்புத் தொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெரிய வாளி உடுப்பு அந்த எடையை எளிதில் தொடும். கொடி நடுவில் 40 சென்ரிமீற்றர் தாழ்ந்தால் கயிற்றின் இழுவிசை ஏறத்தாழ 50 கிலோ. "அசிங்கமாகத் தொய்கிறதே" என்று இழுத்து 20 சென்ரிமீற்றராக்கினால் அது 100 கிலோ. 10 சென்ரிமீற்றராக்கினால் 200 கிலோ. தொங்குவது அதே 10 கிலோதான். தொய்வைப் பாதியாக்கும்போதெல்லாம் இழுப்பு இரு மடங்காகிறது. உடுப்பை நீளத்துக்குப் பரப்பிப் போட்டால் இவை பாதியாகும், ஆனாலும் நேர்க்கோடாகக் கொடி கட்டும் ஆசை வேண்டாம்.

தொய்வதை விட்டுவிட்டு, நடுவில் தாங்குங்கள். இரண்டாகக் கவர்விட்ட தடி ஒன்றை வெட்டி, கவரில் கயிற்றை ஏற்றி நிறுத்தினால் போதும். எங்கள் பாட்டிமார் செய்தது அதுதான். உடுப்புப் போடும்போது தடியைச் சாய்த்தால் கொடி கைக்கு எட்டும், போட்ட பிறகு நிமிர்த்தினால் சீலைத் தலைப்பு மண்ணில் படாது. உடுப்புகள் ஒரே பள்ளத்துக்கு வழுக்காமல் இரு பக்கமும் பிரிந்து நிற்கும். கிளிப்பும் ஒன்றையொன்று நெருக்காது.

கயிறு எது என்றும் பாருங்கள். நாங்கள் எல்லாவற்றையும் நைலோன் கயிறு என்றே விற்கிறோம், வாங்குகிறோம். ஒரு துண்டை வெட்டித் தண்ணீரில் போட்டு, விரலால் அமுக்கிக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றுங்கள். மிதந்தால் அது நைலோன் அல்ல, பொலிபுரொப்பிலீன் அல்லது பொலிஎதிலீன். அது பாரம் தொங்கத் தொங்க மெதுவாக நீண்டுகொண்டே போகும், வெயிலில் சிலும்பு சிலும்பாக உதிரும். அமிழ்ந்தால் நைலோனாக இருக்கலாம். அது நனைந்தால் நீளும், காய்ந்தால் சுருங்கும். பொலியெஸ்ரர் கயிறும் அமிழும், ஆனால் அது நனைந்தாலும் நீளாது. கிடைத்தால் அதையே வாங்குங்கள். தும்புக் கயிறு வேண்டாம், நனைந்தால் வெள்ளைத் துணியில் பழுப்புச் சாயம் இறக்கும்.

பூவரசிலோ மாமரத்திலோ கட்டுபவர்கள் சுருக்குப் போட்டு விட்டுவிடாதீர்கள். மரம் பருக்கும், கயிறு பட்டையை வெட்டும். பழைய சைக்கிள் ரியூப்பை முதலில் சுற்றி, அதன் மேல் கட்டுங்கள்.

இனி, விளையாட்டில்லாத ஒன்று. வீட்டுக்கு மின்சாரம் வரும் கம்பியைத் தாங்கி நிற்கும் இரும்புக் குழாயிலோ, அந்தக் கம்பி உரசும் கூரைத் தகரத்திலோ, மின்கம்பத்தின் இழுகம்பியிலோ கொடியைக் கட்டாதீர்கள். கம்பிக் கொடியை எந்த நிலையிலும் கட்டாதீர்கள். மேலே எங்காவது உறை தேய்ந்திருந்தால் மின்சாரம் கொடிக்கு வரும். ஈரக் கையும் ஈரத் துணியும் வெறுங்காலும் மிச்சத்தைச் செய்யும். கொடியைத் தொட்டபோது கை சுரீரென்றது என்று யாராவது சொன்னால், இன்னொரு முறை தொட்டுப் பார்க்க வேண்டாம். பிரதான ஆளியை அணைத்துவிட்டு, மின்வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

குறி: போட்டுக்கொண்ட சட்டைக்குள் ஏதோ கடிக்கிறது

கொடியின் ஒரு முனை மாமரத்தில் இருக்கிறது, சரிதானே? முசுறு எறும்பு. அவற்றுக்கு உங்கள் கொடி ஏ9 வீதி போல. கயிற்றில், மரத்துக்கு அருகே ஒரு சாண் நீளத்துக்குக் கிறீஸ் பூசுங்கள். அந்தப் பக்கம் உடுப்புப் போடாதீர்கள். ஒரு அங்குல இடைவெளி விட்டால் தாண்டாது என்று எண்ண வேண்டாம், ஒன்றையொன்று பிடித்துப் பாலம் கட்டிவிடும். கொடியை எடுத்துத் தூணில் கட்டுவதே நிரந்தர வழி. எப்படியானாலும் உதறாமல் போடாதீர்கள்.

குறி: கிளிப் குறைந்துகொண்டே போகிறது

பிள்ளைகளைக் கேளுங்கள், பிறகு அண்ணாந்து பாருங்கள். காகம் கூடு கட்டும்போது குச்சியோடு கம்பியையும் சேர்த்துக்கொள்ளும். உடுப்பு மாட்டும் கம்பிக் கொழுவிகள் என்றால் அதற்கு விருப்பம். என் கடைக்குப் பின்னால் ஒரு வேம்பின் கிளையை வெட்டியபோது கூட்டோடு இரண்டு கிளிப்புகள் விழுந்தன, இரண்டும் என் கடைச் சரக்கு. குரங்கு கூட்டம் வந்தால் கிளிப்பை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டு எறியும், அதற்குப் பக்கத்து வளவில் தேட வேண்டும். மாடு கிளிப்பை விட்டுவிட்டுச் சேர்ட்டின் கையைச் சப்பும். வியர்வை உப்புச் சரியாகப் போகாத உடுப்பு என்று அதற்குத் தெரியும்.

குறி: தோளில் கிளிப்பின் பல்தடம்

அந்த இடத்தை நனைத்து, விரலால் இழுத்துவிட்டு, மறுபடி காயவிட்டால் போய்விடும். இனிமேல் சேர்ட்டைக் கீழ் விளிம்பிலும், காற்சட்டையை இடுப்பிலும், பின்னல் உடுப்பை எங்கும் பிடிக்காமலும் காயவிடுங்கள். பின்னல் உடுப்பை இரு கொடிகளில் மடித்துப் போட்டாலே போதும்.

குறி: மாரியில் மூன்று நாளாகியும் காயவில்லை, பூஞ்சண மணம் வருகிறது

ஐப்பசியில் தொடங்கித் தை வரை இந்தப் புகார்தான். மழை நிற்கும், வாடைக்காற்று அடிக்கும், ஆனால் காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும். துணியிலிருந்து நீர் வெளியேற இடமில்லை. ஈரமாக நெடுநேரம் கிடக்கும் துணியில் கிருமிகள் பெருகுவதால்தான் அந்த மணம். வாசனைத் திரவம் ஊற்றினால் இரண்டு மணமும் சேர்ந்து வரும்.

இங்கே கிளிப் உண்மையிலேயே உதவும். கொடியின் மேல் மடித்துப் போட்டால் துணி இரட்டைப் படையாகி நடுவே ஈரம் தங்கும். ஒற்றைப் படையாக, ஓரத்தில் மட்டும் கிளிப்பால் பிடித்து, இரண்டு உடுப்புகளுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். பையை வெளியே இழுத்துவிடுங்கள், ஜீன்ஸை உட்புறம் வெளியே வரத் திருப்புங்கள். தாழ்வாரத்தில் கொடி கட்டுபவர்கள் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கட்டுங்கள். மின்விசிறி இருந்தால் ஒரு மூலையிலிருந்து ஓடவிடுங்கள், சூடு அவ்வளவு தேவையில்லை, காற்று ஓட வேண்டும். பிழிந்த உடுப்பைக் காய்ந்த துவாயில் வைத்துப் பாய் போலச் சுருட்டி, மேலே முழங்காலை ஊன்றி அழுத்துங்கள். பாதி நாளின் ஈரம் துவாய்க்கு மாறிவிடும்.

மணம் ஏற்கெனவே வந்துவிட்டால் காயவைத்துப் பயனில்லை, மறுபடி தோய்க்க வேண்டும். சாயம் போகாத பருத்தித் துணியானால் சுடுநீரில் சவர்க்காரத் தூளைக் கரைத்து ஊறவிட்டுத் தோயுங்கள். மரக் கிளிப்பையும் பாருங்கள், வாயில் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் பூஞ்சணம் அங்கேயும் குடியிருக்கிறது, துணிக்கு அதுவே திரும்ப ஏறும். கொதிநீரில் போட்டெடுத்து, மழை விட்ட ஒரு பகலில் நன்றாகக் காயவைத்துப் பைக்குள் போடுங்கள். கறுப்புப் போகாதவற்றை அடுப்புக்குக் கொடுங்கள், ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு.

அடுப்படிக்கு மேலே கொடி கட்டிக் காயவைப்பவர்கள் இருக்கிறார்கள். காயும். ஆனால் திங்கட்கிழமை வகுப்பறை முழுவதும் பாலை விறகின் புகை மணக்கும். சீருடைக்கு மட்டும் ஞாயிறு வரை காத்திருக்காமல் வெள்ளி மாலையே தோய்த்துவிடுங்கள். திங்கள் காலையிலும் காலர் ஈரமாக இருந்தால் மின்னழுத்தியால் உட்பக்கமாக அழுத்தி, ஐந்து நிமிடம் கதிரையின் முதுகில் விரித்துவிட்டுப் போட்டு அனுப்புங்கள்.